மார்கரிட்டாவுக்குப் பச்சைத் தேசிக்காயா, மஞ்சளா? தயவுசெய்து ஒரு முடிவுக்கு வாருங்கள்

பழைய பார்மன் (உப்புவெளி):
மார்கரிட்டா, அதுதான் டெக்கீலா என்ற மெக்சிகோ மதுவையும் தோடம்பழ மதுவையும் தேசிக்காய்ச் (எலுமிச்சை) சாற்றையும் கலக்கிற பானம், அதைப் பற்றிச் சமையல் திரியில் டொரொன்டோ திருமலையான் எழுதியதை அப்படியே ஒட்டுகிறேன். "வீட்டில் மார்கரிட்டா செய்பவர்களுக்கு ஒரே விதிதான். தேசிக்காய் கடும் பச்சையாக இருக்க வேண்டும். மஞ்சளாகிவிட்டால் அது ஊறுகாய்க்கு. மற்றதெல்லாம் கையில் இருப்பதைப் போடலாம்."

ஊறுகாய்க்கா? நிலாவெளியில் ஹோட்டல் பாரில் நின்று, மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை வெள்ளைக்காரருக்கு இதைக் கலக்கிக் கொடுத்தவன் நான். மஞ்சள் பிடிக்கத் தொடங்கிய தேசிக்காய்தான் சாறு விடும். கடும் பச்சைக் காயை நசித்தால் கைதான் நோகும். சாறு வராத கோபத்தில் இன்னும் அழுத்துவீர்கள், தோலின் எண்ணெயும் கசப்பும் சேர்ந்து இறங்கும். அந்தக் கசப்பை மறைக்கச் சீனி போடுவீர்கள். பிறகு மார்கரிட்டா என்றால் இனிப்புத் தண்ணீர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவீர்கள்.

"மற்றதெல்லாம் கையில் இருப்பதை"! டெக்கீலாவையுமா, தம்பி?

டொரொன்டோ திருமலையான்:
வணக்கம் அண்ணன். எதிர்பார்த்தேன், நீங்கள்தான் முதலில் வருவீர்கள் என்று. ஐந்து மாதம் கலக்கினால் அது சரியாகிவிடுமா? கிளாஸைத் தூக்கியதும் மூக்குக்கு வர வேண்டியது பச்சை வாசம். அது மஞ்சளில் இல்லை. எந்த ஊர்ப் பாரிலாவது கிளாஸ் விளிம்பில் மஞ்சள் துண்டு செருகிப் பார்த்திருக்கிறீர்களா? பச்சைதான். பச்சை என்றால் பச்சை.

பழைய பார்மன்:
விளிம்பில் செருகுவதை யாரும் குடிப்பதில்லை. குடிப்பது சாற்றை. சாறு மஞ்சளில்.

ஆய்வுகூடம் (மனையாவெளி):
நீங்கள் இருவரும் ஒரே பழத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. டொரொன்டோக் கடைகளில் குவிந்து கிடப்பது பெர்சியன் லைம். பெரிது, விதையில்லை, பச்சையாகவே பறித்து அனுப்புவார்கள். நமது சந்தையில் கூறு கட்டி விற்பது சின்னது, விதை நிறைந்தது, தோல் மெல்லியது. அமெரிக்கர் கீ லைம் என்பதும் மெக்சிகோக்காரர் வீட்டில் பிழிவதும் இதே இனம். பிறப்பு ஆசியப் பக்கம், அங்கே கொண்டுபோனது ஸ்பானியர். இரண்டையும் மரத்தில் விட்டால் மஞ்சளாகும். பழுக்கப் பழுக்கச் சாறு கூடும், அந்தப் பச்சை வாசம் குறையும். எந்தப் பழம் என்று முதலில் முடிவு செய்யுங்கள், பிறகு நிறத்துக்கு வரலாம்.

டொரொன்டோ திருமலையான்:
கேள்வி நிறத்தைப் பற்றியது. பழத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பழைய பார்மன்:
சேர், வகுப்பு முடிந்துவிட்டது, நீங்கள் வீட்டுக்குப் போகலாம். கேள்வி நிறம்.

லிங்கநகர் வாசி:
தேசிக்காய்க்கே இந்தப் பாடு என்றால் குவான்ட்ரோவுக்கு, அந்தத் தோடம்பழ மதுவுக்கு, என்ன நடக்கும்? திருமலையில் ஒரு போத்தல் என்ன விலை என்று கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள் பெரியவர்களே. நான் செய்வது இது: நல்ல தென்னஞ்சாராயம், தேசிப்புளி, கொஞ்சம் கித்துள் பாணி, ஐஸ். தேவையென்றால் பிபிலைத் தோடம்பழத் தோலைச் சீவி அந்தச் சாராயத்திலேயே ஊறவிடலாம். மார்கரிட்டாதான். கேட்டால் மார்கரிட்டா என்றுதான் சொல்வேன்.

பழைய பார்மன்:
லிங்கநகர், அது நல்ல பானம். நானே குடிப்பேன். ஆனால் அது மார்கரிட்டா இல்லை.

எல்லோருக்கும் ஒருமுறை எழுதிவிடுகிறேன், இனி யாரும் கேட்க வேண்டாம். டெக்கீலா வடிப்பது அகாவே என்ற செடியில். போத்தலில் 100 வீதம் அகாவே என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அப்படி எழுதாதது மிக்ஸ்டோ. அதில் அகாவேச் சர்க்கரை 51 வீதம் இருந்தால் போதும், மீதி வேறு சர்க்கரை. பொன்னிறமாக இருக்கிறது, பழையது, நல்லது என்று நினைத்துப் பலர் வாங்குகிறார்கள். அந்த மலிவுப் போத்தல்களில் பெரும்பாலும் நிறம் வருவது கருக்கிய சீனியில். மார்கரிட்டாவுக்கு பிளாங்கோ எடுங்கள், தெளிந்த வெள்ளை. கொஞ்சம் மரவாசம் வேண்டுமென்றால் ரெபொசாடோ, அது இரண்டு மாதமாவது மரப் பீப்பாயில் கிடந்திருக்கும். அதைவிட நீண்டநாள் கிடந்த அன்யெஹோவை வாங்கித் தேசிப்புளியில் கொட்டுகிறவனுக்குக் காசு கூடிவிட்டது என்று அர்த்தம்.

தோடம்பழ மது: குவான்ட்ரோ 40 வீதம். ட்ரிப்பிள் செக் என்று வருகிற மலிவுப் போத்தல்கள் பலவற்றில் மது அதில் பாதிகூட இராது, சீனிதான் நிற்கும். கிராண்ட் மார்னியே கொன்யாக் பிராந்தியில் செய்தது, வாயில் கனமாக உட்காரும், எனக்குப் பிடிக்காது. நீலக் குராசோ ஊற்றுகிறவர்களோடு நான் கதைப்பதில்லை.

உலகப் பார்மன் சங்கம், ஐபிஏ, கொடுக்கிற அளவு டெக்கீலா 50 மில்லி, ட்ரிப்பிள் செக் 20, தேசிச்சாறு 15. நான் சாற்றை 25 ஆக்குவேன். இந்த வெயிலில் 15 காணாது. சான் பிரான்சிஸ்கோவில் டொமிஸ் என்ற உணவகத்தில் தோடம்பழ மதுவே இல்லாமல், அகாவேப் பாணி விட்டுச் செய்தார்கள். அதுவும் இன்று உலகம் முழுக்க ஓடுகிறது. ஆகவே குவான்ட்ரோ இல்லாமலும் செய்யலாம். ஆனால் தேசிக்காய் இல்லாமல் செய்ய முடியாது. அந்தத் தேசிக்காய் மஞ்சளாக இருக்க வேண்டும்.

டொரொன்டோ திருமலையான்:
இவ்வளவு நீளமாக எழுதி, கடைசி வரியில் திரும்பவும் மஞ்சள்! அண்ணன், மஞ்சள் என்பதற்கு ஒரு ஆதாரம் தாருங்கள்.

பழைய பார்மன்:
ஆதாரமா? இந்தா. எஸ்குவயர் சஞ்சிகை, 1953 டிசம்பர். மார்கரிட்டா அதில் வந்திருக்கிறது. அரை லைம் அல்லது அரை லெமன் என்றுதான் இருக்கிறது. லெமன் என்ன நிறம், தம்பி?

டொரொன்டோ திருமலையான்:
லெமன் வேறு, தேசிக்காய் வேறு!! இப்போது யார் பழத்தை மாற்றுவது?

ஆய்வுகூடம்:
இதைத்தான் நான்

பழைய பார்மன்:
சேர், வகுப்பு முடிந்துவிட்டது என்று சொன்னேன்.

கிண்ணியாத் தம்பி:
நான் குடிப்பதில்லை. வீட்டில் பெருநாளைக்கு மதுவில்லாமல் செய்கிறோம். தேசிச்சாறு, தோடஞ்சாறு, கொஞ்சம் சீனிப்பாகு, சோடா, விளிம்பில் உப்பு. பிள்ளைகளுக்கு நல்ல விருப்பம். மது இல்லாதபோது அந்த வாசம்தான் எல்லாம், அதனால் எங்கள் வீட்டில் பச்சைக் காயின் தோலையும் கொஞ்சம் துருவிப் போடுவோம். என் வாக்கு பச்சைக்கு.

பழைய பார்மன்:
மது இல்லாதவர்களுக்கு இந்த வாக்கெடுப்பில் வாக்கு இல்லை. மன்னிக்கவும்.

கிண்ணியாத் தம்பி:
தேசிக்காய் பிழிய மது தேவையா அண்ணன்? போன கிழமை கணவாய்த் திரியிலும் "கடலுக்குப் போகாதவன் கதைக்காதே" என்றீர்கள். அடுத்தது பாருக்குப் போகாதவனா?

டொரொன்டோ திருமலையான்:
நல்லாச் சொன்னீர்கள் தம்பி. ஒரு வாக்கு வந்துவிட்டது. இன்னொன்று கேட்கிறேன். ஊருக்கு வந்திருந்தபோது அண்ணன் வேலை செய்த அந்த பாருக்குப் போனேன். மார்கரிட்டா கேட்டேன். பிழிந்தது பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை. போத்தலில் இருந்து கோர்டியல், அந்த இனிப்புத் தேசிப்பானம், ஊற்றினார்கள். என் கண்ணால் பார்த்தேன்.

பழைய பார்மன்:
நான் அன்றைக்கு லீவு.

டொரொன்டோ திருமலையான்:
எந்த நாள் என்று நான் சொல்லவே இல்லையே!

லிங்கநகர் வாசி:
😂😂😂

பழைய பார்மன்:
கோர்டியல் முதலாளியின் உத்தரவு. போத்தலில் வருகிற அந்தப் பச்சைத் தண்ணீரில் சீனியும் நிறமும்தான் முன்னால் நிற்கும், நானே எத்தனையோ தரம் சண்டை பிடித்தேன். என் முறையில் கவுண்டருக்குக் கீழே தேசிக்காய்க் கூடை இருந்தது. மஞ்சள் கூடை. தெரிந்த ஆட்கள் கேட்டுக் குடித்தார்கள். கேட்கத் தெரியாதவர்களுக்குக் கோர்டியல். அதைக் குடித்துவிட்டு மார்கரிட்டாவுக்கு விதி எழுத வந்திருக்கிறார். நண்டுக் கறிக்குத் தக்காளிச் சோஸ் விடச் சொன்னவரும் இவர்தான், மறந்துவிட வேண்டாம்.

டொரொன்டோ திருமலையான்:
அது தக்காளி பேஸ்ட். சோஸ் இல்லை. எத்தனை திரியில் இதைச் சொல்வீர்கள்?

பழைய பார்மன்:
நண்டு மறக்கும் வரை.

டச்பே:
உப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மார்கரிட்டாவில் பாதி ருசி உப்பில்தான் இருக்கிறது. இளஞ்சிவப்பு இமாலய உப்பு வாங்குங்கள், அழகாகவும் இருக்கும்.

பழைய பார்மன்:
நிலாவெளியில் உப்பளம் இருக்க, இமயமலையில் இருந்து உப்பா! நம்முடைய கல்லுப்பை எடுங்கள், ஒன்றிரண்டாக இடியுங்கள். தூளாக்க வேண்டாம், தூள் வாய் முழுக்கக் கரிக்கும். பிழிந்த தேசிக்காய்த் துண்டால் கிளாஸின் வெளிப்பக்கத்தை நனைத்து உப்பில் உருட்டுங்கள். உள்பக்கம் படக் கூடாது, பட்டால் பானத்துக்குள் விழும். அதுவும் அரை வட்டம் மட்டும், உப்பு வேண்டாதவர் மற்றப் பக்கத்தால் குடிக்கட்டும். உப்பு கசப்பை அடக்கும், அதற்காகத்தான் அது. அயடீன் உப்புத்தான் வீட்டில் இருக்கிறது என்றால் பரவாயில்லை, மெல்லிய மருந்து வாசம் சிலருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

டச்பே:
நிலாவெளி உப்பு என்று பெருமையாக எழுதுகிறீர்கள். எங்கள் அம்மாவின் ஊர் கும்புறுப்பிட்டி. அங்கே விளைகிற உப்பைப் பார்த்திருக்கிறீர்களா?

பழைய பார்மன்:
பார்த்திருக்கிறேன். கருவாட்டுக்கு நல்லது.

டச்பே:
என்ன சொன்னீர்கள்?

சுவாமிமலை அடிவாரம்:
கோணேசப் பெருமான் இருக்கிற ஊரின் பெயரில் குழுமம். திறந்தால் டெக்கீலா. நாளைக்கு முழுநிலவுப் போயா என்றாவது நினைவிருக்கிறதா? தவறணையே பூட்டு, நீங்கள் இங்கே திறந்து வைத்திருக்கிறீர்கள்.

லிங்கநகர் வாசி:
அதனால்தான் ஐயா இன்றைக்கே வாங்கி வைத்துவிட்டேன்.

சுவாமிமலை அடிவாரம்:
அட்மின் கவனிக்கவும்.

ஆய்வுகூடம்:
ஒரு சின்ன யோசனை, பிறகு நான் போய்விடுகிறேன். ஒரே மரத்துக் காய், பாதி பச்சை, பாதி மஞ்சள். மெல்லப் பிழிந்து இரண்டிலும் ஒரே அளவு சாறு. ஒரே டெக்கீலா, ஒரே குவான்ட்ரோ, நிறைய ஐஸ் போட்டு ஒரே நேரம் குலுக்கி வடித்து, எது எது என்று சொல்லாமல் நான்கு பேருக்குக் கொடுங்கள். எங்கள் வீட்டு முற்றத்தில் மரம் இருக்கிறது. தேசிக்காய் இலவசம்.

பழைய பார்மன்:
எனக்குச் சோதனை வைப்பீர்களா? எத்தனை வருஷம் கவுண்டருக்குப் பின்னால் நின்றவனுக்கு?

டொரொன்டோ திருமலையான்:
நான் ஆடி மாதம் ஊருக்கு வருகிறேன். அதுவரை பச்சை என்பதில் மாற்றமில்லை. ஆனால் சோதனையை மனையாவெளியில் வைக்க முடியாது. ஊர்க் காயில் செய்தால் அண்ணனுக்குத்தான் வாய்ப்பு. இங்கிருந்து பெர்சியன் லைம் கொண்டுவருவேன்.

ஆய்வுகூடம்:
அப்படியென்றால் பழம் வேறு என்று ஒப்புக்கொள்கிறீர்களா?

டொரொன்டோ திருமலையான்:
இல்லை. பச்சை என்றுதான் சொல்கிறேன்.

கிண்ணியாத் தம்பி:
மிக்சியில் ஐஸோடு அடித்துச் செய்யலாமா என்று தங்கச்சி கேட்கிறாள். யாராவது பதில் சொல்லுங்கள்.

டொரொன்டோ திருமலையான்:
தாராளமாகச் செய்யலாம். டலஸில் மரியானோ மார்ட்டினெஸ் என்றொரு உணவகக்காரர் 1971இல் ஐஸ்கிரீம் இயந்திரத்தையே மாற்றி அதில் மார்கரிட்டா ஓடவிட்டார். அந்த இயந்திரம் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஐஸ் கூடினால் புளிப்பும் இனிப்பும் நாக்கில் மங்கும், ஆகவே சாற்றையும் பாகையும் கொஞ்சம் கூட்டிவிடுங்கள். பச்சைக் காய் என்றால் இன்னும் நல்லது.

பழைய பார்மன்:
அருங்காட்சியகத்தில் வைத்தது சரிதான், அங்கேயே இருக்கட்டும். மார்கரிட்டாவைக் குலுக்க வேண்டும். ஷேக்கர் இல்லையென்றால் மூடியுள்ள ஜாம் போத்தல் போதும். பெரிய ஐஸ்கட்டி போட்டு, போத்தல் கையில் குளிர்ந்து பிடிக்க முடியாமல் வரும்வரை குலுக்குங்கள். கொஞ்சம் தண்ணீர் சேரத்தான் வேண்டும், சேராவிட்டால் நெஞ்சு எரியும். தங்கச்சிக்குச் சொல்லுங்கள், மஞ்சள் காய்.

கிண்ணியாத் தம்பி:
எனக்கு வாக்கு இல்லை என்றீர்கள், தங்கச்சிக்கு மட்டும் ஆலோசனையா?

டச்பே:
எல்லோரும் எங்கேயோ போய்விட்டீர்கள். கருவாட்டுக்கு நல்லது என்றாரே, அதற்கு என்ன பதில்? அண்ணன், எங்கள் ஊர் உப்பைப் பற்றிச் சொன்னதை முதலில் அழியுங்கள்.

பழைய பார்மன்:
எழுதியது எழுதியதுதான். நான் எதையும் அழிப்பதில்லை.

டச்பே:
ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டேன். கும்புறுப்பிட்டிக் குழுமத்தில் போடுகிறேன்.

பழைய பார்மன்:
போடுங்கள். தேசிக்காய் மஞ்சள் என்று சொன்ன பகுதியையும் சேர்த்துப் போடுங்கள்.

லிங்கநகர் வாசி:
நான் இரண்டாவது கிளாஸில் நிற்கிறேன். சாராயம், பாணி, தேசிக்காய். என்ன நிறக் காய் என்று பார்க்கவில்லை, கரண்ட் இல்லை.

டொரொன்டோ திருமலையான்:
பச்சையாக இருந்திருக்கும்.