இங்கிலீஷ் பேச வெளிநாடு போய்த்தான் ஆக வேண்டுமா?

மஞ்சக்குப்பம் மணி:
எல்லோருக்கும் வணக்கம். எனக்குக் கடலூர். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி, அப்புறம் இங்கேயே பி.எஸ்சி. வேதியியல். மூன்று வருஷமாக சிப்காட்டில் ஒரு கம்பெனி லேப்பில் வேலை. இங்கிலீஷில் எழுதியதைப் படித்தால் புரிகிறது. யாராவது நிதானமாகப் பேசினாலும் புரிகிறது. பேச மட்டும் வாய் வருவதில்லை.

போன மாதம் ஆடிட் நடந்தது. வந்தவர், ஒரு சோதனையை ஏன் இரண்டு தடவை செய்தீர்கள் என்று கேட்டார். செய்தவன் நான். காரணம் தெரிந்தவனும் நான்தான். வார்த்தை தொண்டையோடு நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தவர் பதில் சொன்னார். அன்று ராத்திரி சாப்பாடே இறங்கவில்லை.

இப்போது ஒரு ஏஜென்ட், மால்டாவில் ஆறு மாத இங்கிலீஷ் கோர்ஸ் இருக்கிறது, டிக்கெட், தங்குமிடம் எல்லாம் சேர்த்து ஏழு லட்சம், அங்கே இருந்தாலே இங்கிலீஷ் தானாக வந்துவிடும் என்கிறார். அப்பா நிலத்தை அடமானம் வைக்கலாம் என்கிறார். போகலாமா, சொல்லுங்கள்.

லீட்ஸ் நெல்லிக்குப்பத்தான்:
தம்பி, முடிந்தால் போ. நான் இங்கிலாந்து வந்து ஆறு வருஷம் ஆகிறது. நானும் உன்னைப் போலத்தான், படித்தால் புரியும், பேச வராது. வந்த முதல் ஜனவரியில் வீட்டு ஹீட்டர் நின்றுவிட்டது. வீட்டுக்காரருக்கு நானே போன் பண்ணியாக வேண்டும், வேறு ஆள் இல்லை. தப்பும் தவறுமாகப் பேசினேன், அவருக்குப் புரிந்தது, ஆள் அனுப்பினார். அந்த ஒரு போன் எனக்கு ஐந்து வருஷப் படிப்பு.

இன்னொன்றும் உண்டு. ஊரில் காலேஜில் ஒரு நாள் நண்பனுக்கு இங்கிலீஷில் பதில் சொல்லிவிட்டேன். மூன்று வருஷம் என் பெயரே 'பீட்டர்' ஆகிவிட்டது. அதற்குப் பிறகு வாயைத் திறக்கவே இல்லை. இங்கே நான் தப்பாகப் பேசினால் யாரும் சிரிப்பதில்லை. நம் ஊரில் சரியாகப் பேசினாலும் சிரிக்கிறார்கள், தப்பாகப் பேசினாலும் சிரிக்கிறார்கள். அந்த இடத்தில் உட்கார்ந்து எப்படிப் பேசிப் பழகுவது?

முத்தியால்பேட்டை டீச்சர்:
மணி தம்பி, நிலப்பத்திரத்தை பீரோவை விட்டு வெளியே எடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

மால்டாவில் இங்கிலீஷ் ஆட்சிமொழிகளில் ஒன்று, அது உண்மை. ஆனால் அந்த மக்கள் வீட்டில் பேசுவது மால்டிய மொழி. வகுப்பில் உங்களோடு உட்காரப் போகிறவர்களும் உங்களைப் போல இங்கிலீஷ் கற்க வந்தவர்கள்தான். 'தானாக வரும்' என்ற பேச்சை நான் நம்பவே மாட்டேன். அதற்கு எங்கள் தெருவே சாட்சி.

புதுச்சேரிக்காரர்களுக்கு 'சொல்தா' குடும்பம் என்றால் தெரியும். கடலூர் தம்பிக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே சொல்தா என்போம். எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருக்கிறார். பதினைந்து வருஷம் ராணுவ வேலை, அதற்குப் பிறகும் பல காலம் பிரான்சில்தான் இருந்தார். அவருக்கு வரும் பிரெஞ்சு, ராணுவத்தில் போடும் உத்தரவும் கடையில் சாமான் வாங்கும் பேச்சும்தான். வேலை முடிந்தால் கூட்டாளிகள் எல்லாம் நம் ஊர்க்காரர்கள், வீட்டில் தமிழ். பென்ஷன் ஆபீசிலிருந்து கடிதம் வந்தால் அடுத்த தெருப் பெண்ணிடம் எடுத்துக்கொண்டு போவார். அவள் பிரான்சை வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறாள். 1889-இல் இங்கே தொடங்கிய அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு கற்றுத்தரும் நிறுவனத்தில் படித்தவள். கடிதத்தைப் படித்துச் சொல்லி, பதிலும் அவளே எழுதித் தருகிறாள்.

பரங்கிப்பேட்டை பாய்:
துபாயில் எட்டு வருஷம் இருந்தேன். இந்தி வந்தது, மலையாளம் வந்தது. இங்கிலீஷ் வரவில்லை.

லீட்ஸ் நெல்லிக்குப்பத்தான்:
பாய், அது அரபு நாடு. அதோடு சைட்டில் கூட இருந்தவர்கள் யார் என்று பாருங்கள். உங்களுக்கு எந்த மொழி தேவைப்பட்டதோ அதுதான் வந்தது. நான் சொல்வதும் அதையேதான்.

டீச்சர், உங்கள் தாத்தா கதையை ஒத்துக்கொள்கிறேன். இங்கேயும் ஒரே வீட்டில் எட்டுத் தமிழர்கள் சேர்ந்து இருந்துகொண்டு, தமிழ்க் கடையிலேயே வேலை பார்த்து, இங்கிலீஷ் வராமல் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெண் கடிதம் படிக்கிறாள், எழுதுகிறாள். மணிக்குப் படிப்பது பிரச்சினையே இல்லையே. எதிரில் ஒருவர் நின்று கேள்வி கேட்கும்போது வாய் திறக்க வேண்டும். அது புத்தகத்தில் வராது.

உச்சரிப்பையும் பாருங்கள். நான் 'டெவலப்' என்று முதல் எழுத்தில் அழுத்திச் சொல்வேன், இங்கே யாருக்கும் புரியாது. நடுவில் அழுத்தி 'டி-வெ-லப்' என்று சொல்ல வேண்டும். 'ரெக்கார்ட்' பெயர்ச்சொல்லாக வந்தால் முன்னால் அழுத்தம், வினைச்சொல்லாக வந்தால் பின்னால் அழுத்தம். தமிழில் அழுத்தத்தை மாற்றினால் சொல் மாறாது, அதனால் நம் காது அதைக் கவனிப்பதே இல்லை. இங்கே வந்து, மூன்று தடவை 'என்ன சொன்னீர்கள்' என்று கேட்கப்பட்ட பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

குயிலாப்பாளையம் கடைக்காரர்:
நான் ஆரோவில் போகிற வழியில் பன்னிரண்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். காலையிலிருந்து ராத்திரி வரை வெளிநாட்டுக்காரர்களோடு இங்கிலீஷ்தான். பயமே கிடையாது. ஆனால் மனசு விட்டுச் சொல்கிறேன், முதல் வருஷம் பேசிய இங்கிலீஷைத்தான் இன்றும் பேசுகிறேன். 'யூ கம், ஐ கிவ்' என்றாலே வேலை நடந்துவிடுகிறது. வருகிறவர்களில் பலர் பிரான்ஸ், ஜெர்மனி ஆட்கள், அவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். யாரும் திருத்துவதில்லை. பேங்குக்கு ஒரு மெயில் அனுப்ப என் பெண்ணைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. அதனால் பேசிக்கொண்டே இருந்தால் மட்டும் வந்துவிடும் என்று லீட்ஸ் தம்பி நினைக்க வேண்டாம்.

கும்பகோணம் மாப்பிள்ளை (இப்போது புதுவை):
வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியை மறந்துவிட்டீர்களே! கும்பகோணத்தில் படித்து, திருவல்லிக்கேணியில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். அவர் மேடை இங்கிலீஷைக் கேட்டு வெள்ளைக்காரர்களே 'வெள்ளி நாக்கு' என்று புகழ்ந்தார்கள்.

லீட்ஸ் நெல்லிக்குப்பத்தான்:
லட்சத்தில் ஒருவர் அவர். அவர் படித்த காலத்துக் கல்லூரியில் எல்லாப் பாடமும் இங்கிலீஷில். அவரை வைத்து மணிக்கு வழி சொல்ல முடியாது.

முத்தியால்பேட்டை டீச்சர்:
இதில் லீட்ஸ் தம்பி சொல்வது சரி. சாஸ்திரியை விடுங்கள். கடைக்காரர் அண்ணன் சொன்னதில் விஷயம் இருக்கிறது.

கனடாவில் இங்கிலீஷ் வீட்டுப் பிள்ளைகளை, எல்லாப் பாடமும் பிரெஞ்சில் நடக்கும் பள்ளிகளில் சேர்த்தார்கள். பல வருஷம் கேட்டுக் கேட்டு அவர்கள் பிரெஞ்சை நன்றாகவே புரிந்துகொண்டார்கள். பேச்சிலும் எழுத்திலும் மட்டும் தப்புகள் போகவே இல்லை. அதைக் கவனித்த மெரில் ஸ்வெய்ன் என்ற ஆய்வாளர் 1985-இல் ஒன்று சொன்னார்: கேட்டுப் புரிந்துகொண்டால் மட்டும் போதாது, நாமே வாக்கியத்தைக் கட்டிச் சொல்ல வேண்டிய நெருக்கடி வர வேண்டும். அப்போதுதான் நமக்கு எது தெரியவில்லை என்பதே நமக்குத் தெரியும். லீட்ஸ் தம்பிக்கு ஹீட்டர் நின்ற அன்று வந்தது அந்த நெருக்கடிதான். அதை முத்தியால்பேட்டையிலும் உண்டாக்கலாம், மஞ்சக்குப்பத்திலும் உண்டாக்கலாம்.

மணி, உங்களுக்கு உலகத்து இங்கிலீஷ் எல்லாம் இப்போது வேண்டாம். உங்கள் லேப் இங்கிலீஷ் வேண்டும். ஆடிட்டில் என்னென்ன கேட்பார்கள்? என்ன செய்தாய், எப்படிச் செய்தாய், ஏன் திரும்பச் செய்தாய், அளவு மீறினால் யாரிடம் சொல்வாய். சுற்றிச் சுற்றி நாற்பது கேள்விக்கு மேல் போகாது. நாற்பதுக்கும் பதிலை நீங்களே எழுதுங்கள். யாரிடமாவது திருத்தி வாங்குங்கள். அப்புறம் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு போனில் பேசிப் பதிவு செய்யுங்கள், உடனே கேளுங்கள். முதல் வாரம் உங்கள் குரலையே உங்களால் கேட்க முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள். 'நேற்றுதான் முடித்தேன்' என்பதை அப்படியே 'எஸ்டர்டே ஒன்லி ஃபினிஷ்ட்' என்று சொல்லியிருப்பீர்கள். தமிழில் இல்லாத 'எ' (a), 'த' (the) என்ற சொற்கள் இரண்டும் பாதி இடத்தில் விட்டுப் போயிருக்கும். அதெல்லாம் பதிவைக் கேட்டால்தான் பிடிபடும்.

லீட்ஸ் நெல்லிக்குப்பத்தான்:
டீச்சர், 'பீட்டர்' என்று கிண்டல் செய்வதற்கு என்ன பதில்? அதை யாருமே தொடவில்லை. என்னைப் போல எத்தனை பேர் அதனாலேயே வாய் மூடிப் போனோம் தெரியுமா? கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

முத்தியால்பேட்டை டீச்சர்:
கோபம் நியாயம்தான் தம்பி. முப்பது வருஷம் வகுப்பில் பார்த்திருக்கிறேன். கையைத் தூக்கிய பிள்ளை, பின் பெஞ்சில் ஒரு சிரிப்பு கேட்டதும் உட்கார்ந்துவிடும். ஊரை மாற்ற எனக்கு வழி தெரியவில்லை. ஒரே ஒரு ஆள் போதும் என்று மட்டும் சொல்வேன். இதே குறை உள்ள ஒருவரைப் பிடித்து, வாரத்தில் மூன்று நாள் சில்வர் பீச்சில் நடந்துகொண்டே பேசுங்கள். இரண்டு பேருக்கும் தப்பு வரும், அதனால் யாரும் யாரையும் சிரிக்க மாட்டார்கள்.

பரங்கிப்பேட்டை பாய்:
மணி, நான் தயார். வெள்ளிக்கிழமை தவிர எந்த நாள் என்றாலும் பஸ் பிடித்து வந்துவிடுகிறேன்.

லீட்ஸ் நெல்லிக்குப்பத்தான்:
சரி, ஏழு லட்சம் கடன் வாங்கி மால்டா வேண்டாம், அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வேலையாகவோ, உதவித்தொகையோடு படிப்பாகவோ வாய்ப்பு வந்தால் போ என்பதில் மாற்றமில்லை. அதுவரை ஞாயிற்றுக்கிழமை உனக்கு இரவு எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன், எனக்கு அப்போது மதியம் மூன்றரை. நான்தான் ஆடிட்டர். தமிழில் பதில் சொன்னால் போனை வைத்துவிடுவேன்.

மஞ்சக்குப்பம் மணி:
எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் சொல்லிவிட்டேன், பத்திரம் பீரோவிலேயே இருக்கிறது. பாய், செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு வந்துவிடுங்கள். பதினோரு பதில் எழுதியிருக்கிறேன். முதல் பதில்: 'த சாம்பிள் டேக்கன் பை மீ அட் நைன் ஓ கிளாக்.' சரியா டீச்சர்?

முத்தியால்பேட்டை டீச்சர்:
'சாம்பிள்' என்பதற்கு அடுத்து 'வாஸ்' வேண்டும். மற்றதெல்லாம் சரி. இரண்டாவதை அனுப்புங்கள்.