பட்டறையில் வேலை நிறைய, கையில் காசு இல்லை: எந்தக் கணக்கைப் பார்ப்பது?

கேள்வி:
வண்டி பழுதுபார்க்கும் சின்னப் பட்டறை, மெக்கானிக் 3 பேர். லாப நட்டக் கணக்கில் லாபம் காட்டுகிறது. மாசக் கடைசியில் சம்பளம் போடவே பணம் தேறுவதில்லை. ஓட்டை எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் 1:
முதல் வேலையாக, வருமானத்தைக் கூலி தனி, உதிரிபாகம் தனி என்று பிரித்து எழுதுங்கள். 100க்கு வாங்கிய பாகத்தை 125க்கு விற்றால் லாபம் 25% என்று பலர் நினைக்கிறார்கள். விற்பனையில் அது 20% தான். அதே பில்லில் 10% தள்ளுபடி கொடுத்தால் கைக்கு வருவது 112.50. லாபத்தில் பாதி போய்விட்டது!

அடுத்தது கூலி. 3 பேர், நாளைக்கு 8 மணி நேரம், 25 நாள்: 600 மணி நேரத்துக்குச் சம்பளம் கொடுக்கிறீர்கள். பில்லில் ஏறியது 330 என்றால் 55% தான். பெரிய ஓட்டை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். ஜாப் கார்டில் (ஒவ்வொரு வேலைக்கும் தனியாக எழுதும் சீட்டு) தொடங்கிய நேரம், முடித்த நேரம் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். பாகம் வரக் காத்திருந்த நேரத்தையும் குறிக்க வேண்டும். ரிட்டர்ன் வந்து இலவசமாகச் செய்து கொடுக்கும் வேலைக்குத் தனி கார்டு போடுங்கள், இல்லாவிட்டால் அது கண்ணிலேயே படாது.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் லாபம் இருந்தும் காசு இல்லை என்றால், வாடிக்கையாளர்கள் உங்களுக்குத் தர வேண்டிய நிலுவையையும் பாருங்கள். மொத்த நிலுவையை மாசக் கடன் விற்பனையால் வகுத்து 30ஆல் பெருக்குங்கள். நிலுவை 90, கடன் விற்பனை 60 என்றால் 45 நாள். பாகக் கடைக்கு 15 நாளில் பணம் கொடுப்பவர் என்றால், நடுவில் 30 நாள் ஓடுவது உங்கள் சொந்தக் காசு.

ரேக்கில் 6 மாசமாக அசையாத சரக்கும் முடங்கிய பணம்தான். பேட்டரி சும்மா கிடந்தாலே சார்ஜ் இறங்கிக் கெடும். கடன் தவணையில் அசல் பகுதி லாப நட்டக் கணக்கில் வராது, வங்கியிலிருந்து மட்டும் போகும்.

கேட்டவர்:
இஞ்சின் வேலைக்கு வாங்கும் அட்வான்ஸை அன்றைக்கே வருமானமாக எழுதுகிறோம். தவறா?

பதில் 2:
தவறுதான். வண்டியை டெலிவரி கொடுக்கும்வரை அது நீங்கள் தர வேண்டிய கடன். உங்கள் லாபம் கூடுதலாகத் தெரிய இதுவும் காரணம்.

பதில் 3:
நீங்களும் ஸ்பானர் பிடிக்கிறீர்களா? அப்படியானால் உங்கள் சம்பளத்தையும் செலவில் சேருங்கள். அதன்பின் வாடகை, சம்பளம், மின்சாரம், வட்டி என்று மாறாத செலவு 180, பாகங்களின் அடக்க விலை போக விற்பனையில் மிஞ்சுவது 45% என்றால், 180 ÷ 0.45 = 400. மாச விற்பனை அதற்குக் கீழே போனால் நட்டம்.