உணவுக் குறிப்பேட்டுக்குத் தமிழ்ச் சொல் வேண்டும்

கட்டுப்பாடின்றிச் சாப்பிடும் கோளாறுக்கான மனநலச் சிகிச்சைக்கு உணவுக் குறிப்பேடு ஒன்றைத் தமிழில் தயாரிக்கிறோம், உதவுங்கள். நேரம், இடம், சாப்பிட்டது, மனநிலை ஆகிய 4 கட்டங்களில் சிக்கலில்லை. 5-வதுதான் இடிக்கிறது: 'நிறுத்த முடியாமல் சாப்பிட்டேன்' என்பதை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வார்கள்? 'சோத்துமூட்டை' மாதிரி வசைச்சொல் வேண்டவே வேண்டாம். வெட்கப்பட்டால் எழுதுவதையே விட்டுவிடுவார்கள். சாப்பிட்ட கையோடு எழுத வேண்டிய குறிப்பு இது. இரவில் மொத்தமாக எழுதினால் பாதி மறந்துபோகும்.

இன்னொன்று. இச்சிகிச்சையில் தரும் உணவு அட்டவணை: 3 வேளை உணவு, இடையில் 2 சிற்றுண்டி, இடைவெளி 4 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. எடை பார்ப்பது வாரம் ஒருமுறைதான். காலையில் பட்டினி கிடந்தால் மாலையில் சாப்பாடு கட்டுமீறும் (எடை குறைவதைவிட இப்படிக் கட்டுமீறுவது குறைவதே முதல் இலக்கு). விரதம் இருப்பவர்களுக்கு இந்த அட்டவணையை எப்படி மாற்றித் தருகிறீர்கள்? ஆலோசகர்கள், உணவியல் நிபுணர்கள் சொல்லுங்கள்.