புதுப்பிப்பு: மொரிசியஸ் போய் வந்துட்டேன்
மொரிசியசில் கடற்கரையைத் தவிர வேறென்ன பார்க்கலாம்னு போன மாசம் இங்கே கேட்டிருந்தேன். மலேசியாவில் எங்க ஊரான சுங்கை சிப்புட் திரும்பி ரெண்டு நாளாச்சு. வழி சொன்ன எல்லாருக்கும் நன்றி.

போர்ட் லூயி துறைமுகத்தில் இருக்கிற ஆப்ரவாசி காட் என்ற இடத்தை மட்டும் விட்டுடாதீங்க. 1834 முதல் கரும்புத் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவங்க இறங்கிய வளாகம். 2006-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே 16 கல்படிகள். முதல் படியிலேயே அழுகை வந்துடுச்சு. எங்க கொள்ளுப்பாட்டியும் இப்படித்தான் கப்பலேறி மலாயா வந்து, பினாங்கு பக்கத்துத் தீவான புலாவ் ஜெரெஜாக்கில் தங்க வைக்கப்பட்டு, அப்புறம் பால்மரம் (ரப்பர்) சீவப் போனவங்க.

லெ மோர்ன் மலை, தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்திருந்த இடம். கீழே நின்னுதான் பார்த்தேன்.

அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கு! ஒன்றை அம்மாவிடம் கொடுத்தேன். சாமி மேடையில் வச்சிருக்காங்க.