முன்னாள் கணவர் சம்மதம் இல்லாம, இப்ப இருக்குற கணவர் என் பொண்ணை தத்தெடுக்க முடியுமா?

சேலம்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு விவாகரத்து எக்ஸ்பார்ட்டியா ஆச்சு, அவர் ஒரு வாய்தாவுக்குக் கூட வரல, பொண்ணு கஸ்டடி என்கிட்டதான். ஜீவனாம்ச ஆர்டர் இருந்தும் ஒரு ரூபா வந்ததில்ல. மறுமணம் ஆயிடுச்சு, பொண்ணு இவரைத்தான் அப்பானு கூப்பிடுது, ஸ்கூல் டைரியில இவர்தான் கையெழுத்து போடுறாரு, ஆனா சர்டிஃபிகேட்ல எல்லாம் பழைய பேர். முறைப்படி தத்தெடுக்கணும்னு இவருக்கு ரொம்ப ஆசை. பத்திரம் எழுதுறவர் "நீங்க கையெழுத்து போட்டா போதும்மா, ரெஜிஸ்டர் பண்ணிடலாம்"ங்கிறாரு. செல்லுமா? நாங்க எல்லாரும் இந்து.

கதிர்_மதுரை:
தாராளமா பண்ணுங்க சிஸ்டர். விட்டுட்டுப் போனவருக்கு என்ன உரிமை இருக்கு. 2022ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, மறுமணம் பண்ண அம்மா குழந்தையோட சர்நேமையும் முடிவு பண்ணலாம், தத்தும் கொடுக்கலாம்னு.

வக்கீல்_ராஜி:
கதிர் தம்பி சொல்ற தீர்ப்பு எனக்கும் பிடிச்ச தீர்ப்புதான், ஆனா அதுல குழந்தையோட அப்பா இறந்துட்டாரு, எதிர்த்து நின்னது தாத்தா பாட்டி. இங்க அப்பா உயிரோட இருக்காரு, அதனால அதை அப்படியே எடுத்துக்க முடியாது.

1956 இந்து தத்தெடுப்புச் சட்டத்துல 9வது பிரிவுதான் இதுக்கு முக்கியம். 2010ல திருத்தினதுக்கு அப்புறம் அம்மா அப்பா ரெண்டு பேருக்கும் சம உரிமை, ஆனா ஒருத்தர் கொடுக்கணும்னா இன்னொருத்தர் சம்மதம் வேணும். சம்மதம் தேவையில்லாத சூழ்நிலை மூணே மூணுதான்: அவர் முழுசா துறவறம் போயிருக்கணும், இல்ல மதம் மாறி இந்துவா இல்லாம போயிருக்கணும், இல்லன்னா மனநிலை சரியில்லாதவர்னு கோர்ட் அறிவிச்சிருக்கணும். விவாகரத்து, கஸ்டடி, ஜீவனாம்சம் தராதது எதுவுமே இந்த லிஸ்ட்ல இல்லம்மா. எத்தனையோ அம்மாக்கள் இதுல மாட்டிக்கிட்டு நிக்கிறதைப் பாக்குறப்ப வயிறு எரியுது, சட்டத்தை மாத்தணும்னுதான் நான் சொல்லுவேன், ஆனா இன்னைக்கு நிலைமை இதுதான்.

"கைவிட்டுட்டா"ங்கிற வார்த்தை அதே பிரிவுல வேற எடத்துல வருது, அது அம்மா அப்பா ரெண்டு பேருமே கைவிட்ட குழந்தைக்கு, அப்ப கார்டியன் கோர்ட் அனுமதி வாங்கித் தத்து கொடுக்கலாம். நீங்கதான் வளர்க்குறீங்களே, அது உங்களுக்குப் பொருந்தாது. பத்திரத்தை மட்டும் ரெஜிஸ்டர் பண்ணி வச்சீங்கன்னா, நாளைக்கு சொத்து விஷயத்துல யாராவது கேள்வி கேட்டா அந்தத் தத்தே செல்லாதுனு ஆயிடும், அப்ப கஷ்டப்படப்போறது உங்க பொண்ணுதான்.

இப்ப இருக்குற கணவருக்கும் பொண்ணுக்கும் வயசு வித்தியாசம் எவ்வளவு?

சேலம்_அம்மா:
அவருக்கு 27, பொண்ணுக்கு 8 மேடம். முன்னாள் கணவரை திருப்பூர்ல பாத்ததா சொந்தக்காரங்க சொல்றாங்க.

வக்கீல்_ராஜி:
அப்ப இன்னொரு சிக்கலும் இருக்கும்மா. அந்தச் சட்டத்துல ஆம்பள பொம்பளப் புள்ளையத் தத்தெடுத்தா 21 வயசாவது மூத்தவரா இருக்கணும். காரா (மத்திய அரசோட தத்தெடுப்பு ஆணையம்) வழியா மாற்றாந்தந்தை தத்துனு போனா வயசு வரம்பு கிடையாது, கலெக்டர்தான் ஆர்டர் போடுவார். ஆனா அங்கயும் பெத்த அப்பா சம்மதம் கேப்பாங்க, கஸ்டடி கேஸ் நிலுவையில இருந்தா அது முடிஞ்ச பிறகுதான் எடுப்பாங்க.

நிர்மலா_கோவை:
என் சித்தி பொண்ணுக்கும் இதே கதைதான். அவளோட முன்னாள் கணவர் மதம் மாறிட்டாருனு எல்லாருக்கும் தெரியும், ஆனா வாய்ல சொன்னா ஆகாது, ஆதாரம் கொண்டாங்கனு வக்கீல் கேட்டாரு, பேர் மாத்தின கெஜட் அறிவிப்பைத் தேடி எடுத்த பிறகுதான் வேலை நகர்ந்துச்சு. திருப்பூர்ல இருக்காருன்னா முதல்ல அவங்க அம்மா மூலமா பேசிப் பாருங்க சிஸ்டர். தத்து ஆயிட்டா பொண்ணுக்காக அவர்கிட்ட இனிமே ஜீவனாம்சம் கேக்க முடியாது, அதுக்காகவே கையெழுத்து போட்டாலும் போடுவாரு.

வக்கீல்_ராஜி:
நிர்மலா சொல்றது சரி, பேசிப் பாக்குறதுதான் முதல் வேலை. ஆனா கையெழுத்துக்காக பத்து பைசா கூட கொடுக்காதீங்க, தத்துக்குப் பணம் கொடுக்கறதும் வாங்கறதும் அந்த 1956 சட்டத்தோட 17வது பிரிவுல குற்றம், 6 மாசம் வரைக்கும் ஜெயில். அவர் ஒத்துக்கலைன்னா தத்தை இப்போதைக்கு விட்டுட்டு, உங்களையே தனி கார்டியனா அறிவிக்கச் சொல்லி கோர்ட்ல மனு போடுங்க. அப்பா உயிரோட இருந்தும் அக்கறை இல்லாம இருந்தா அம்மாவே இயற்கைப் பாதுகாவலரா செயல்படலாம்னு கீதா ஹரிஹரன் கேஸ்ல 1999லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. திருப்பூர் முகவரிக்கு நோட்டீஸ் அனுப்பி, திரும்பி வந்தா அந்தக் கவரைப் பிரிக்காம பத்திரமா வையுங்க.