குரங்கு மூளையில் ஒளி பாய்ச்சும் ஆராய்ச்சி: வேண்டுமா, வேண்டாமா?

ஏற்காட்டுக்காரன்:
ஆப்டோஜெனடிக்ஸ், அதாவது மரபணு ஏற்றி ஒளியால் நரம்பணுக்களை இயக்கும் முறை, பற்றிப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. ஒளி பட்டால் திறந்துகொள்ளும் புரதம் ஒன்று பச்சைப் பாசியில் இருக்கிறது. அதன் மரபணுவை வைரஸில் ஏற்றி, குரங்கின் மண்டையோட்டில் துளை போட்டு மூளைக்குள் விடுகிறார்கள். அப்புறம் தலைமுடி போன்ற கண்ணாடி இழை வழியே ஒளி. தலை அசையாமல் இருக்க மண்டையிலேயே ஒரு கம்பியைப் பொருத்திவிடுவார்கள். தாகத்தில் சொன்னதைக் கேட்கும் என்று பல ஆய்வகங்களில் தண்ணீரையும் குறைத்துவிடுவார்கள். சொன்ன இடத்தைப் பார்த்தால் ஒரு சொட்டு ஜூஸ். இந்த மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும், குட்டியை வயிற்றோடு அணைத்தபடி உட்கார்ந்திருக்கும் நாட்டுக் குரங்குகளை தினமும் பார்க்கிறவன் நான். ஆய்வுக்கான குரங்கு ஏற்றுமதியை 1978-இலேயே நிறுத்திய நாடு இது.

அஸ்தம்பட்டி அக்கா:
ஆய்வகத்தில் இருப்பது பெரும்பாலும் செம்முகக் குரங்கு. ஆனாலும் உங்கள் வலி புரிகிறது அண்ணா. என் தம்பிக்கு ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா, விழித்திரை மெல்ல மெல்லக் கெட்டுப்போகும் மரபணு நோய். பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவித்தான் பாத்ரூம் போவான். பிரான்சில் இதே நோயால் பார்வை இழந்த 58 வயதுக்காரரின் கண்ணில் இப்படி ஒரு மரபணுவைச் செலுத்தினார்கள். பல மாதப் பயிற்சிக்குப் பிறகு, தனிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, மேஜையில் இருந்த நோட்டை நீட்டிய கையால் தொட்டார், டம்ளர்களை எண்ணினார். 2021-இல் வெளியானது. அந்த மரபணுவையும் வைரஸையும் குரங்கின் விழித்திரையில் பார்த்த பிறகுதான் மனிதருக்குக் கொண்டுபோனார்கள். கூர்ந்து பார்க்க உதவும் ஃபோவியா என்ற விழித்திரையின் நடுக்குழி குரங்குக்கு உண்டு, எலிக்குக் கிடையாது.

ஏற்காட்டுக்காரன்:
கண்ணுக்கு என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன், தங்கச்சி. அதில் மண்டையைத் துளைக்க வேண்டியதில்லை. நான் கேட்பது மூளையைப் பற்றி. மகாக் இனக் குரங்கில் (செம்முகக் குரங்கும் அந்த இனம்தான்) இதைச் செய்த முதல் அறிக்கை 2009-இல் வந்தது. ஒளி திசுவுக்குள் ஓரிரு மில்லிமீட்டர்தான் போகும். அவ்வளவு பெரிய மூளையில் அந்தச் சின்ன இடத்தைத் தூண்டி, பல தடவை கிடைத்தது கண் அசைவில் கொஞ்சம் மாற்றம். அதற்கு இவ்வளவு துன்பமா?

பயாலஜி வாத்தியார்:
சுண்டெலிக்கு சுமார் 7 கோடி நரம்பணு, மகாக்குக்கு சுமார் 640 கோடி, நமக்கு 8,600 கோடி. எலியிலிருந்து ஒரே தாவாக மனிதனுக்குத் தாவ முடியாது. பார்க்கின்சன் நோய்க்கு மூளையில் மின்முனை வைக்கிறோமே, எந்த இடத்தில் வைப்பது என்பதற்கு 1990-இல் வழி காட்டியது குரங்குதான்.

ஏற்காட்டுக்காரன்:
அது ஒளியில்லாமல் நடந்தது, சார்.

பயாலஜி வாத்தியார்:
சரிதான். ஆனால் மின்சாரம் அக்கம்பக்கத்து நரம்பணுக்கள் எல்லாவற்றையும் உலுக்கும். ஒளியோ, மரபணு ஏறிய நரம்பணுவை மட்டும் தொடும். எந்த நரம்பணு என்ன செய்கிறது என்று பிரித்துப் பார்க்க அதுதான் வழி.

அஸ்தம்பட்டி அக்கா:
தண்ணீரைக் குறைப்பதற்கு மட்டும் என்னிடம் நியாயம் இல்லை அண்ணா, அதை நிறுத்தச் சொல்லி நானும் எழுதுவேன். ஆராய்ச்சியையே நிறுத்தச் சொல்ல என்னால் முடியாது. போன வாரம் படகுத்துறையில் படி தெரியாமல் தம்பி விழுந்தான். முழங்கையில் இன்னும் கட்டு இருக்கிறது.