மகளுக்கு இதயம் வலப்பக்கம், யாராவது வழி சொல்லுங்க

வணக்கம். நாங்க கடலூர் மஞ்சக்குப்பம். மகளுக்கு 7 வயசு. பிறந்ததுலேர்ந்து மூக்கு ஒழுகாத நாளே இல்ல, காதுலயும் சீழ். ஆஸ்துமான்னு ரெண்டு வருஷம் மருந்து கொடுத்தோம். போன மாசம் எக்ஸ்ரேயிலதான் இதயம் வலப்பக்கம்னு தெரிஞ்சுது. கார்டஜெனர் சிண்ட்ரோமா இருக்கலாம்கிறாங்க. சளியை மேலே தள்ளுற சிலியா, அதாவது மூச்சுக்குழாய்ல இருக்கிற நுண்ணிய இழைகள், சரியா அசையலையாம். கருவுல இதயம் எந்தப் பக்கம்னு தீர்மானிக்கிறதும் சிலியாவோட அசைவுதானாம்.

தினமும் காலையில தலையணை மேல கவிழ்த்துப் படுக்கவெச்சு, உள்ளங்கையைக் குவிச்சு முதுகுல தட்டுறேன். கட்டிச் சளி வெளியே வந்த பிறகுதான் தோசை கேட்பா.

மூக்குல நைட்ரிக் ஆக்சைடு அளக்கிற டெஸ்ட், மரபணு டெஸ்ட் ரெண்டுக்கும் புதுச்சேரி ஜிப்மர்ல எந்தப் பிரிவுல கேட்கணும்? கடலூர்ல நெஞ்சு பிசியோதெரபி சொல்லித்தர்றவங்க இருக்காங்களா? இதே நோயோட பிள்ளை வளர்க்கிறவங்க இருந்தா தயவுசெஞ்சு பேசுங்க.